தலைமையும் நம்பிக்கையும்: கிறித்தவ சபைகள் இரண்டைப் பற்றிய ஆராய்ச்சி

காவிரி பாயும் சோழவளநாட்டில் வாழும் சைவ நன்மக்களுக்குக் கிறித்தவம் கடல்கடந்த செய்தியன்று. தரங்கம்பாடியில் அலைகளால் அரிப்புண்ட மாசிலாமணிநாதர் திருக்கோயிலுக்கு அண்மையிலேயே, சீகன்பால்கு ஐயர் காலத்தில் 1718ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம் நிற்கின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலை அடுத்த சிவகங்கைத் தோட்டத்தில் சுவார்த்து ஐயரின் ஆலயம் உளது. ஆவணித் திங்களில் காவியுடுத்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வார் கூட்டத்தை நாகப்பட்டினச் சாலையோரத்து ஊரினர் அனைவரும் ஆண்டுதோறுங் காண்கின்றனர்.

இங்ஙனம் அணிமையில் இருந்தும், நம்மவருட் பலர் அவர் அனைவரையும் 'வேதக்காரர்' என்னும் ஒரே சொல்லாற் சுட்டி, அவர்தம் கொள்கையும் ஆட்சியும் ஒன்றே என எண்ணிப் பேசுகின்றனர், எழுதுகின்றனர். இது பிழை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிற் சுபக்கம் கூறுமுன் பரபக்கம் கூறியது எற்றுக்கு? பிறர் கொள்கையை அவர் கொண்டவாறே அறிந்த பின்னரே அதனை மறுத்தற்கும் தழுவுதற்கும் உரிமை உண்டாம் என்பதனை நமக்கு உணர்த்துதற்கன்றோ! யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும், பார்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உடனிருந்து உதவி, அந்நூலை நன்கு கற்ற பின்னரே சைவத்தின் பொருட்டு எழுதுகோல் எடுத்தார். அப்பெரியோர் நெறியைப் பற்றி, உரோமைக் கத்தோலிக்க சபை, ஆங்கிலிக்க சபை ஆகிய இரண்டன் தலைமையும் எவ்வாறு வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டால் நம்பிக்கை என்பதனை அவர் எவ்வாறு கொள்கின்றனர் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். ஆராய்ச்சியின் முடிவு பிறர்மேற் செல்லாது நம்மேலேயே வந்து நிற்றலையும் அன்பர்கள் காண்பார்கள்.

தலைமை இரண்டு

கத்தோலிக்கர்க்குத் தலைவர் உரோமாபுரியில் வீற்றிருக்கும் பாப்பரசர். இயேசுபெருமானின் அடியாருள் முதல்வராகிய பேதுருவின் வழிவந்தவர் அவர் என்பதும், மேற்றிராணிமாரை நியமிக்கும் உரிமை அவருடையது என்பதும் அவர்தம் கொள்கை. 1870ஆம் ஆண்டு வத்திக்கானிற் கூடிய சங்கம், பாப்பரசர் தம் பீடத்தினின்று திருச்சபை முழுமைக்கும் விசுவாசத்தைப் பற்றியேனும் ஒழுக்கத்தைப் பற்றியேனும் அறுதியிட்டுக் கூறுமிடத்துத் தவறார் என்று வரையறுத்தது. இதனைப் பாப்பரசர் எது சொல்லினும் பிழையாகாது என்பதாக நம்மவருட் சிலர் திரித்துரைத்து நகையாடுவர். அது நேர்மையன்று. அவ்வரையறை மிக ஒடுங்கியது. அதன்பின் அம்முறையில் வெளிப்படையாக அறுதியிட்டுரைக்கப்பெற்றது, மரியன்னை உடலோடு விண்ணகம் எய்தினார் என 1950இல் விளம்பிய ஒன்றே.

ஆங்கிலிக்க சபையின் வரலாறு வேறு. 1534இல் எட்டாம் என்றி மன்னன் காலத்து இங்கிலாந்து உரோமைத் தலைமையை நீக்கி, அந்நாட்டுச் சபைக்கு மன்னனையே தலைவனாக்கியது. 1559இல் எலிசபெத்து அரசி அத்தலைமையை மீட்டும் ஏற்றார். அரசரேனும் சமயக்கொள்கையை ஆக்குபவர் அல்லர். அத்தியட்சர்களும் அவையும் கூடியே ஆராய்வர். கான்றர்பரி நகரத்துப் பேராயர் உலக ஆங்கிலிக்கரால் மதிக்கப்படுபவரேயன்றிப் பிறநாட்டுச் சபைகளுக்கு ஆணையிடுபவர் அல்லர். 1867 முதல் அத்தியட்சர் அனைவரும் கூடும் இலாம்பெத்து மாநாட்டின் தீர்மானங்களும் அறிவுரையாகுமன்றிக் கட்டளையாகா. பொதுச் சங்கங்களும் பிழைபடுதல் கூடும் என்றே அச்சபையின் முப்பத்தொன்பது விதிகளுள் ஒன்று கூறாநிற்கும்.

இவ்விரு தலைமைக்கும் ஏற்ப நம்பிக்கையின் இயல்பும் வேறுபடும். கத்தோலிக்கர்க்கு விசுவாசம் என்பது திருச்சபை என்னும் தாயின் கையினின்று முழுதாகப் பெற்றுக்கொள்ளும் பொருள். அதனுள் ஒருபகுதியைக் கொண்டு ஒருபகுதியைத் தள்ளும் உரிமை தனியொருவர்க்கு இல்லை. ஆங்கிலிக்கரோ மறைநூல், மரபு, அறிவு என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்து எண்ணுவர். ஒரே வழிபாட்டு நூலைக் கையிற்கொண்டு ஒரே ஆலயத்தில் முழந்தாளிடுவோருள்ளும், உரோமையை ஒட்டிய கருத்தினரும் அதனை முற்றும் வெறுப்பவரும் உளர். வழிபாட்டில் ஒன்றுபட்டு, கருத்தில் இடங்கொடுத்தல் அவர் வழக்கம்.

நம் நூல்வழக்கிற் கூறின், முன்னவர் சுருதியையும் அதற்கு உரைகாணும் குருவையும் தலையாகக் கொண்டவர். பின்னவர் சுருதியோடு யுத்திக்கும் இடந்தந்தவர். முன்னதன் சிறப்பு உறுதி. அதன் குற்றம், தலைமை பிழைத்தவழித் திருத்துதற்கு நெடுங்காலம் வேண்டுதல். பின்னதன் சிறப்பு விரிவு. அதன் குற்றம், உறுதியான சொல் வேண்டும்பொழுது அவையின் ஆரவாரமே கேட்டல்.

குருமரபைப் பற்றிய வழக்கொன்றும் அவரிடை உண்டு. எங்கள் அத்தியட்சர்களும் அப்போஸ்தலர் வழிவந்தவரே என்பர் ஆங்கிலிக்கர். 1896இல் பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் பாப்பரசர், ஆங்கிலிக்கர் அளிக்கும் குருப்பட்டம் செல்லாது என்று தீர்ப்புரைத்தார். சந்தானம் என்பதன் அருமை அறிந்த நமக்கு இவ்வழக்கின் கூர்மை எளிதில் விளங்கும். கையின்மேற் கைவைத்து வருவது மரபா, கொள்கை மாறாது வருவது மரபா என்பதே ஆண்டு வினா.

இந்நாட்டில் இன்று ஆங்கிலிக்க சபை அப்பெயரோடு இல்லை. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில், தென்னாட்டு ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாயினர். திருச்சிராப்பள்ளி–தஞ்சாவூர் அத்தியட்சாதீனம் அதன் பகுதி. ஆண்டு அத்தியட்சரைத் தேர்தலில் அவ்வத்தியட்சாதீனத்துப் பேரவைக்கும் பங்குண்டு. கத்தோலிக்கத் தஞ்சை மறைமாவட்டமோ 1952இல் உரோமையின் ஆணையால் அமைந்தது. அதன் மேற்றிராணியார் உரோமையாலேயே நியமிக்கப்பெறுவர். தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் மகளிர்க்கும் குருப்பட்டம் அளித்துவருகின்றது. அங்ஙனம் அளித்தற்குத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என 1994இல் உரோமை உரைத்தது. ஓர் அவை கூடி மாற்றத்தக்கது எனக் கொள்வதை மற்றொரு தலைமை தன் கைக்கும் அடங்காதது எனக் கொள்கின்றது. வேறுபாட்டை விளக்க இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஒரு முடிச்சும் இரு கைகளும்

தலைமையின் தன்மை அமைதிக்காலத்து விளங்காது. அவிழ்த்தற்கரிய முடிச்சொன்று கையில் வந்தபொழுதே விளங்கும். நம் நாட்டில் இவ்விரு சபைகளின் கையிலும் வந்த முடிச்சு ஒன்றே. அது சாதி.

கத்தோலிக்கர் பக்கத்தை முதற்கண் காண்பாம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நோபிலி, தத்துவ போதகர் என்னும் பெயர்பூண்டு, காவியும் பூணூலும் தாங்கி, உயர்குலத்தார் ஒழுக்கத்தைத் தாமும் மேற்கொண்டார். அவர் உடன்குருமாரே அதனை எதிர்த்தனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623இல் பதினைந்தாம் கிரகோரியார், பூணூல், குடுமி, சந்தனம் முதலியன உலகியல் வழக்கமாகக் கொள்ளப்படுமாயின் தடையில்லை என இசைந்தார். எண்பதாண்டு கழிந்து, புதுவைக்கு வந்த தூதுவர் தூர்னோன் 1704இல் அவ்வழக்கங்கள் பலவற்றைத் தடுத்தார். இறுதியில் 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணையொன்று பிறப்பித்து, தாழ்த்தப்பட்டார் இல்லங்களுக்கும் குருமார் சென்று அருட்கருமங்களை ஆற்றுதல் வேண்டும் என்றார். அதனைக் காப்பதாகக் குருமார் சூளுறவும் பணித்தார். அச்சூளுறவு 1940 வரை நிலவியது.

ஆணை வந்தது, விளைந்தது யாது? உயர்குலத்தாரிடம் செல்லும் குருமார் வேறு, தாழ்த்தப்பட்டாரிடம் செல்லும் குருமார் வேறு என்று பகுத்தமைக்கும் ஏற்பாடே அதனோடு வந்தது. ஆணையின் எழுத்துக் காக்கப்பெற்றது. அதன் பொருள் வாயிற்புறத்தே நின்றது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலினுள் சாதியாரைப் பிரித்துநின்ற சுவர் 1910இலேதான் இடிக்கப்பெற்றது. அதன்பொருட்டும் வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார் பேரவை, சாதிவேற்றுமை தம் சபையினுள் இன்னும் உண்டு என வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டமை நேர்மையே. ஆயினும், ஒரு தலைமை 1744இல் இட்ட ஆணை 2016இலும் நிறைவேறாதிருந்தது என்பதும் அதனாலேயே விளங்குகின்றது.

ஒரே தலைமை எனப்படுவதும் எப்பொழுதும் ஒன்றாய் நின்றதில்லை. போர்த்துகல் மன்னர்க்கு இந்நாட்டுச் சபைகளின்மேல் இருந்த காப்புரிமையும், உரோமை நேரே அனுப்பிய குருமாரின் உரிமையும் தம்முள் மோதின. 1838இல் மயிலை முதலிய இடங்களிற் போர்த்துகல் உரிமையை உரோமை நீக்க முயன்றபின் அப்பிளவு நெடுங்காலம் நீடித்தது. இந்நாட்டுக் கத்தோலிக்கர் தம்முள்ளும் மயிலையைச் சார்ந்தவர், புதுவையைச் சார்ந்தவர் என இருபாலாயினர்.

இனி மற்றைப் பக்கம். தஞ்சையிற் சுவார்த்து ஐயர் (1726–1798) செருமானிய நாட்டு லூத்தர் மதத்தவர். சரபோசி மன்னர்க்கு இளமையிற் காவலாய் நின்றவர். அவர் காலத்து ஆலயத்தில் வெவ்வேறு குலத்தார் வெவ்வேறு பக்கத்து அமர்ந்தனர். பின்னர் அச்சபை ஆங்கிலேயச் சங்கத்தின் கைக்கும், அதன்வழிக் கல்கத்தா அத்தியட்சரின் ஆட்சிக்கும் உட்பட்டது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபையினுட் சாதிவேற்றுமை சிறிதும் தாழாமல் முற்றும் ஒழிதல் வேண்டும் என்று நிருபம் விடுத்தார். நற்கருணை உட்கொள்ளுதலிலும் இருக்கையிலும் வேற்றுமை கூடாது என்பது அதன் கருத்து. அறம் அவர் பக்கமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு நீங்கினர். 1840ஆம் ஆண்டை அடுத்து இலைப்சிக்கு நகரத்து லூத்தர் சங்கத்தார் தரங்கம்பாடிக்கு வந்து, சாதி உலகியல் வழக்கம், அதனைச் சிறிது சிறிதாகவே நெகிழ்த்தல் வேண்டும் என்றபொழுது, நீங்கியோருட் பலர் அவரிடம் அடைந்தனர்.

இவ்விடத்து ஒன்றைத் தமிழ்ப்புலவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். சுவார்த்து ஐயரின் மாணாக்கரும் பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியருமாகிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), புதிதாக வந்த குருமார்மீது சாற்றிய குறைகள் நான்கு: பழைய தமிழ் விவிலியத்தை மாற்றியது, சாதியாரை ஒன்றாக்க வற்புறுத்தியது, விழாவிலும் மணத்திலும் மலர்களை விலக்கியது, தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்தினின்று நீக்கியது. இந்நான்கனுள் மலருக்காகவும் பாட்டுக்காகவும் அவர் உரைத்ததை எந்தத் தமிழரும் ஏற்பர். விவிலிய நடையைப் பற்றிய குறையும் ஆராயத்தக்கதே. சாதியைப் பற்றியதோ அறத்திற்கு மாறானது. ஆயினும் நான்கும் ஒரே மூட்டையாகக் கட்டுண்டன. எங்ஙனம்? பாட்டையும் மலரையும் வெறுத்த கைகளே சமத்துவத்தையும் கொணர்ந்தமையால், மக்கள் அதனையும் பிறநாட்டார் சுமத்திய சுமையாகவே எண்ணினர். நல்லதை அன்பின்றிக் கொடுத்தால், கொள்பவன் தன் தீயதையும் நல்லதையும் சேர்த்தே இறுகப் பற்றிக்கொள்வான். வில்சனார் ஆணையின் தோல்விக்கு யான் காணும் காரணம் இதுவே.

ஆதலின், ஒரு தலைமை வழக்கத்திற்கு இடங்கொடுத்து அறத்தை நெகிழ்த்தது. மற்றொரு தலைமை அறத்தை ஆணையாக்கி மக்களை இழந்தது. முன்னதிற் கூட்டம் நின்றது, கொள்கை நில்லாதாயிற்று. பின்னதிற் கொள்கை நின்றது, கூட்டம் கலைந்தது. பாப்பரசர் ஒருவர் ஆளினும், அவை பல ஆளினும், உள்ளம் பக்குவப்படாதவிடத்து ஆணை ஓலையளவே ஆம்.

சைவர் நோக்கு

"பிறர் குற்றம் நன்கு விளங்கிற்று, சைவத்திற்கு இக்குற்றம் இல்லை" என்று மகிழ்வார் உளராயின், அவர்க்கு எம் விடை வேறு.

நம் ஆசாரியர்கள் இம்முடிச்சை அவிழ்த்த முறையை நினைவுகூர்வாம். திருச்சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்க நாயனார் இல்லத்திற்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர், தம்மோடு வந்த பாணர்குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் உறைவிடம் தருமாறு கேட்டார். நீலநக்கர் தம் மனையின் நடுவில், வேள்வி வேதிகையின் அருகிலேயே இடங்கொடுத்தார். வேதித் தீயும் வலஞ்சுழித்து ஓங்கியதெனப் பெரியபுராணம் கூறும். ஆண்டு நிருபம் இல்லை, அவை இல்லை. குழந்தையாகிய குரு தாமே அவரைத் தம்முடன் அழைத்துவந்தார், அன்பர் இடங்கொடுத்தார், அவ்வளவே.

தில்லைவாழந்தணருள் ஒருவராகிய உமாபதி சிவாசாரியார் சிவிகையினின்று இறங்கி, மறைஞான சம்பந்தர் பின் சென்று, நெய்வார் தெருவில் பாவுக்கு இடும் கூழை அவர் கைவழி ஒழுகியதனைத் தாம் பருகினார் என்பது வரலாறு. தில்லையினின்று விலக்குண்டு கொற்றவன்குடியில் இருந்த அவரே, தம் மடத்திற்கு விறகு சுமந்த பெற்றான் சாம்பானுக்கு முத்தியளித்தவர். சித்தாந்த அட்டகம் பாடிய கையே சாம்பானைக் கரையேற்றியது. தமக்கு முதல் இழப்பை வருவித்துக்கொண்ட பின்னரே பிறர்க்கு அருளினார். இதனினும் உயர்ந்த தலைமை யாண்டு உளது?

சுருதி, யுத்தி என்பவற்றோடு அனுபவம் என்பதனையும் நம் நூல்கள் கூறுதல் இதன்பொருட்டே. குருவினிடத்து அனுபவமாய் நின்ற பொருளே மாணாக்கர்க்கு நம்பிக்கையாகும். குருவினிடத்துச் சொல்லளவாய் நின்றது மாணாக்கர்க்கு ஆணையளவாகவே நிற்கும்.

இத்தகைய மரபைப் பெற்ற நாம் செய்தது யாது? திருப்புன்கூரில் நந்தனார்க்காக நந்தி விலகிய கதையை ஆண்டுதோறும் கூறினோம். நந்தனார் குலத்தார்க்குத் திருக்கோயில் வாயிலைத் திறக்க 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் வரவேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் அரசன் சபைக்குத் தலைவனானதை எள்ளிப் பேசும் நாம், குருபீடங்கள் சொல்லவேண்டியதனை அரசு சொல்லும்வரை காத்திருந்தோம். சட்டம் கதவைத் திறக்கும். நெஞ்சைத் திறத்தல் அதன் தொழிலன்று. அது குருமாரின் தொழில், கற்றோரின் தொழில், அடியேன் போன்ற ஆசிரியரின் தொழில்.

அத்தொழிலில் யான் தவறிய செய்தி ஒன்றை இவ்விடத்துக் கூறாதுவிடின், இக்கட்டுரை பிறரை மட்டும் குறைகூறியதாய் முடியும். யான் இளமையில் மடமொன்றின் பாடசாலையிற் பயின்றபொழுது, நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் குடியிற் பிறந்த ஓரிளைஞன் நாள்தோறும் மாலையில் மதிற்புறத்து நின்று நாங்கள் ஓதும் திருமுறையைக் கேட்பான். குரல் எங்கள் யாவரினும் இனியது. தன்னையும் வகுப்பிற் சேர்த்துக்கொள்ளுமாறு ஒருநாள் துணிந்து கேட்டான். பின்னர்ப் பார்ப்போம் என்று விடை வந்தது. அப்'பின்னர்' வரவேயில்லை. யான் அருகில் நின்றேன், வாய்திறந்தேனல்லேன். ஆசிரியர்முன் மாணாக்கன் பேசலாகாது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

முப்பதாண்டு கழிந்து மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டேன். கிறித்தவராகி, ஓர் ஊரின் ஆலயத்தில் உபதேசியாராகவும் பாடகராகவும் இருந்தார். அவரிடத்துச் சினம் சிறிதும் இல்லை. ஆண்டேனும் நிகரான இடம் கிடைத்ததோ என வினவினேன். அவர் முறுவலித்து, "பாட இடம் கொடுத்தார்கள், ஐயா. புதைக்கத்தான் வேறு இடம்" என்றார். பேருந்து வருமுன், மதிற்புறத்தே கேட்டுக் கற்ற காந்தாரப்பண் பதிகம் ஒன்றை மெல்லப் பாடினார். ஒரு சீரும் பிறழவில்லை. யான் இழந்தது ஒரு மாணாக்கனையன்று, ஓர் ஓதுவாரை. அவரை இழந்தது மாற்றுச் சமயத்தாரின் திறத்தாலன்று, எம் வாய்வாளாமையால்.

ஆதலின் அன்பர்காள், இவ்வாராய்ச்சியின் முடிபு இது. கத்தோலிக்க சபை ஒருமையைத் தலைமையிற் கண்டது. ஆங்கிலிக்க சபை விரிவை அவையிற் கண்டது. இரண்டனையும் நாம் அறிதல் வேண்டும், இகழ்தல் வேண்டா. அவ்விரண்டும் தடுமாறிய இடத்தில் தடுமாறாது நிற்றற்குரிய குருவழி நம்மிடம் உண்டு. அது ஏட்டில் உண்டு, ஒழுக்கத்திற் குறைவு. திருமடங்களும் சைவ சபைகளும் தத்தம் திருமுறை வகுப்பின் கதவைக் கேட்டு வருவார் எவர்க்கும் திறந்து, ஒரே பந்தியில் அவர்களை இருத்துக. சட்டம் கூறிற்று என்றன்று, சாத்தமங்கை வேதித் தீ வலஞ்சுழித்தது என்று செய்க. மதிற்புறத்து நின்று கேட்கும் குரல் இன்றும் ஏதேனும் ஓரூரில் இருக்கும். அதனை உள்ளே அழைத்தற்கு எவருடைய நிருபமும் நமக்கு வேண்டா.

சிவம்.